மீசை வைத்த புலி

அம்மாவின் உடலை நாற்காலியில் உட்காரவைத்து, சரிந்துவிடாதபடி நாற்காலியின் முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டிருந்தார் மணியம் மாமா. தனலெட்சுமி தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். கையை எடுத்தால் அது மார்பில் தொங்கியது.

"நேரா புடி புள்ள. ஊருல சொந்தக்காரங்களுக்கு அனுப்புற படம். பேச்சியம்மா கௌரவமா தெரியணும்."

மாமா அம்மாவுக்கு அண்ணன், இந்த மலாயாத் தோட்டத்துக்குக் கங்காணி. குளிர்காய்ச்சலில் கிடந்த தங்கை விடியற்காலையில் கண்ணை மூடியதும், குளுவாங் பட்டணத்துக்கு ஆளனுப்பிப் படக்காரர் லெட்சுமணனை வரவழைத்திருந்தார்.

லெட்சுமணன் காமிராவின் கால்களை விரித்து நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். உடனே வெளியே எடுத்தார்.

"இந்த அம்மாவ நான் முன்னமே படம் புடிச்சிருக்கேனே!"

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாரின் மனைவி யாழ்ப்பாணத்துக் கனகம்மா, ஞாயிறுதோறும் லயத்து வரிசை வீடுகளின் பெண்களைக் கூட்டி மண்பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். போன மாதம் அவரவர் பொம்மையோடு எல்லோரையும் படம் எடுக்க வந்தவர் இதே லெட்சுமணன்தான். கழுவி முடித்த அந்தப் படங்களையும் இன்று கையோடு கொண்டுவந்திருந்தார். உறைக்குள் தேடி ஒன்றை எடுத்துத் தனலெட்சுமியிடம் நீட்டினார். ஒரு கையால் தலையைத் தாங்கியபடி மறு கையால் வாங்கினாள்.

அம்மாவின் கன்னத்தில் மண். கையில் ஒரு புலி. அதற்கு முறுக்கிவிட்ட பெரிய மீசை, மிரட்டுகிற முழி. ஆடாமல் அசையாமல் நிற்கச் சொல்லியும் கேட்காமல், வாயெல்லாம் பல்லாக அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அது யாருடைய மீசை என்று லயம் முழுக்கத் தெரியும். மாமாவுக்கு மட்டும் தெரியாது.

"இங்க கொடு" என்று மாமா கை நீட்டினார். தனலெட்சுமி தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு அங்கம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"இது யாரு... நானா?"



"அம்மா சும்மா வெளையாட்டுக்கு..." என்றாள் தனலெட்சுமி.

"சின்னதுலயும் இப்படித்தான். நான் தூங்குறப்ப மூஞ்சில கரியப் பூசிட்டு ஓடிருவா, கழுத!"

மாமாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று தனலெட்சுமி பயந்தாள். சிரிப்பு! அங்கம்மாள் முந்தானையை விட்டுவிட்டாள். ஒப்பாரிக்கு உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இதையே ஊருக்கு அனுப்புவோமா மாமா?"

மாமா குனிந்து துண்டின் முடிச்சை அவிழ்த்தார்.

"படுக்க வை. போதும், கழுத்து வலிக்கும் அவளுக்கு."

பாயில் கிடத்தி, நெற்றியில் விபூதி பூசினாள் தனலெட்சுமி. அங்கம்மாள் மாமாவிடமிருந்து படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். அது வாசலுக்குப் போனது. பிறகு அடுத்த லயத்துக்கு. போன இடத்திலெல்லாம் சிரிப்பு எழுந்து அடங்குவது உள்ளே கேட்டது.

பாடை தூக்கும்வரை படம் அவளிடம் திரும்பி வரவில்லை.