ராக்கியின் பத்தியம்

பத்து பெரண்டாம் என்ற ஊரில் கணேசமூர்த்தி வளர்க்கும் நாய் ராக்கிக்கு எடை கூடிவிட்டது. கால்நடை மருத்துவர் எச்சரித்ததும், "இனிமே யாரும் இவனுக்கு மிச்சம் மீதி போடக் கூடாது" என்று வீட்டில் சட்டம் போட்டவர் கணேசமூர்த்திதான். அடுத்த மாதம் கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தால், எடை இன்னும் ஏறியிருந்தது.

"நீதான் தோசை போட்டிருப்ப," என்று மனைவி பாக்கியலட்சுமியை முறைத்தார்.

அவள் பதில் சொல்வதற்குள், ராக்கி அவர் எதிரில் உட்கார்ந்து, கால்சட்டைப் பையைப் பார்த்தபடி முன்னங்காலைத் தூக்கியது.

"அங்கிள், பாக்கெட்ல என்ன?" என்றார் மருத்துவர்.

டிஸ்யூவில் சுற்றிய, பரோட்டா போன்ற ரொட்டி சானாய்த் துண்டு வெளியே வந்தது.

"உங்களுக்கே இனிப்பு நீர் வியாதி. டெய்லி காலையில நடக்கப் போறது ரொட்டிக் கடைக்குத்தானா?" என்று பாக்கியலட்சுமி கேட்டாள்.

"தனியா சாப்பிட மனசு வரல லட்சுமி. அவன் பாத்துக்கிட்டே இருக்கான்."

மறுநாள் காலை அவளும் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு அவர்களோடு கிளம்பினாள். கடை வாசல் வந்ததும் ராக்கி உட்கார்ந்துவிட்டது. இழுத்தும் அசையவில்லை. கணேசமூர்த்தி மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு ரொட்டி ஆர்டர் சொல்லுங்க. மூணு பேரும் பிச்சுக்கலாம் லா," என்றாள் அவள்.

பெரிய துண்டை அவளே எடுத்துக்கொண்டாள்.