விக்கெட் எடுக்காதே

இரவு பெய்த மழையில் மெல்போர்ன் பிட்ச் கொழகொழவென்று கிடந்தது. அதன்மேல் வெயில் ஏறத் தொடங்கியதும் ஆல்ஃப் டிரெகியருக்குக் கை துறுதுறுத்தது. இந்த மாதிரிப் பிட்சில் பந்து கண்டபடி திரும்பும், எகிறும். சுழற்பந்து போடுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? பெவிலியனில் தேர்வாளர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் அணியில் ஒரே ஒரு இடம்தான் காலி. ஆல்ஃபுக்கு வயது முப்பத்து நாலு. இதை விட்டால் காலமெல்லாம் மூண்டா செம்புச் சுரங்கத்து வேலைதான்.

கேப்டன் பெல்வில் பக்கத்தில் வந்தார்.

"ஆல்ஃப், ஸ்டம்புக்கு வெளியவே போடு. யாரையும் அவுட்டாக்கிடாத."

"என்னது?"

"அவங்க ஆல் அவுட்டானா இந்தச் சேத்துல நாமதான் பேட் பிடிக்கணும். மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும். அதுவரைக்கும் ஓட்டு."

எல்லாக் கேப்டன்களும் செய்கிற தந்திரம்தான். ஆனால் கப்பல் ஏறுகிறவர்கள் பட்டியலில் பெல்வில்லின் பெயர் சென்ற மாதமே ஏறிவிட்டது. அவருக்கென்ன, சொல்வார்.

ஆல்ஃப் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போட்டான். கூட்டம் ஊளையிட்டது.

"என்னப்பா, சுரங்கத்து இருட்டுல கண்ணு போயிடுச்சா? ஸ்டம்ப் இங்க இருக்கு!" என்றான் மட்டைக்காரன்.

பெவிலியனில் ஒரு தேர்வாளர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆல்ஃப் கேப்டன் பக்கம் திரும்பினான்.

"கேப்டன், நீங்க சொல்லித்தான் இப்படிப் போடறேன்னு அவங்ககிட்டச் சொல்வீங்களா?"

"ஆட்டம் முடியட்டும், பாக்கலாம்."

"இன்னிக்குச் சாயங்காலமே பேரு எழுதிடுவாங்க!"

"டீமைவிட நீ பெரிய ஆளா?"

டீமாம், டீம்! காய்ந்த பிட்சில் நாள் முழுக்கத் தோள் கழலப் போட்டவன் ஆல்ஃப். ஈரமாகி விக்கெட் சுலபமாக விழும் நாளில் மட்டும் பந்து பெல்வில் கைக்குப் போய்விடும். இத்தனை வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இதுதானா கூலி? இன்றைக்கு மட்டும் தாராளமாகப் பந்தைக் கொடுத்தாரே, அசிங்கப்படுத்தத்தான் கொடுத்தாரா?

அடுத்த பந்தை நேராகப் போட்டான். அது குத்தித் திரும்பி நடு ஸ்டம்பைப் பெயர்த்தது.

பெல்வில் முகம் சிவக்க ஓடிவந்து கையை நீட்டினார். "பந்தைக் குடு. இனிமே நீ எந்தக் கப்பல்லயும் ஏற முடியாது, பாத்துக்கோ."

"ஓவர் முடியாம ஆளை மாத்த முடியாது, கேப்டன். இன்னும் மூணு பந்து இருக்கு. போய் உங்க இடத்துல நில்லுங்க."

புது மட்டைக்காரன் பெவிலியன் படியிறங்கி வந்துகொண்டிருந்தான். எழுந்த தேர்வாளர் தொப்பியைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றார். ஆல்ஃப் பந்திலிருந்த சேற்றைக் கால்சட்டையில் அழுத்தித் துடைத்தான்.