மடியில் விரிக்கும் துணி

ஜவுளிக் கடையின் துண்டுத்துணிக் கூடையை இராஜம்மா இரண்டு கையாலும் தூக்கி, கடைக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் கொண்டுவந்து வைத்து, வெள்ளையாக இருந்தவற்றை ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்க்கத் தொடங்கினாள். கடைக்காரர் ஜெய்னுலாபுதீன் கல்லாவிலிருந்து கழுத்தை நீட்டினார். கிள்ளான் கடைத்தெருவில் இருபது வருஷமாகத் துணி கிழிப்பவர். கூடையோடு வெளியே போகிற வாடிக்கைக்காரியை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"உள்ள வச்சுப் பாத்தா துணி கோவிச்சுக்குமா, தங்கச்சி?"

"உள்ள எல்லாம் வெள்ளையாத்தான் தெரியுது பாய். அதான்."

பாய் நீட்டிய கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். வெள்ளையில் பால்வெள்ளை உண்டு, நீலம் போட்ட வெள்ளை உண்டு, அலமாரியில் கிடந்தே பழுத்த வெள்ளையும் உண்டு. இதெல்லாம் விற்கிறவனுக்கு மட்டும் தெரிந்த சங்கதி என்ற தைரியத்தில்தான் அந்தத் தெருவில் பாதிக் கடைகள் நடந்தன.

மேரு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டுகிறவள் இராஜம்மா. அவள் புருஷன் கன்னையா துரை பங்களாவில் சமையல்காரன். வியாழக்கிழமை கம்பெனியின் பெரிய துரை விருந்துக்கு வருகிறார். மேசையில் உட்கார்ந்ததும் மடியில் விரித்து, இடையிடையே வாயைத் துடைத்துக்கொள்ளும் துணிகளுக்குத் துரைசானி சிங்கப்பூருக்கு எழுதியிருந்தாள், கப்பல்தான் வரவில்லை. கையில் கரண்டியும் எதிரே எஜமானியும் இருந்தால் கன்னையாவுக்கு வாய் நிற்காது. தன் பெண்சாதி தைப்பாள் என்று சொல்லிவிட்டான். துரைசானியும் லேசுப்பட்டவள் இல்லை. முழுத்துணியை நம்பிக் கொடுக்க முடியாது, கடையில் கிடைக்கிற மிச்சம் மீதியில் ஆறு தைத்துக் காட்டட்டும், கைவேலை பிடித்தால் பங்களாவில் தையல்காரியாக வைத்துக்கொள்கிறேன் என்றாளாம்.

இராஜம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. தோளில் காண்டாக் கம்பும் அதன் இரண்டு முனையிலும் பால் வாளியுமாக மேட்டில் ஏறி இறங்கி, இரண்டு கர்ப்பத்தை அவள் மர நிரையிலேயே இழந்திருந்தாள். இப்போது மூன்றாவது, மாதம் மூன்று. வயிறு ஊருக்கெல்லாம் தெரிகிற வரைக்கும் கங்காணியின் கண்ணுக்கு எந்தப் பெண்ணும் கர்ப்பிணி இல்லை. தெரிகிற வரைக்கும் அது தங்க வேண்டுமே என்பதுதான் அவள் கவலை.

ஒரே வெள்ளையில் ஆறு துண்டு தேறியது. பாய் சொன்ன விலைக்கு அவள் இழையில் முடிச்சைக் காட்டினாள்; அவர் இறங்கியதும் கரையில் பிசிறைக் காட்டினாள். கடைசியில் துணியின் சுத்தத்தை நிரூபிக்கிற வேகத்தில் பாய் ஒரு வியாபாரி சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார்.

"ஒரு கை பட்டதில்லம்மா. மய்யத்துக்குக் கிழிச்சுக் குடுத்த மிச்சம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். இராஜம்மா துணிகளைக் கூடையில் போட்டுவிட்டு நின்றாள். பிணத்துக்குக் கிழித்த துணியின் மிச்சம் என்றால் வேறொருத்தி ஓடியே போயிருப்பாள். இவளும் போகலாம், ஆனால் அந்த வெள்ளையில் வேறு ஆறு இல்லை. பாயின் முகம் தொங்குகிற வரைக்கும் பொறுத்து, பாதி விலையைச் சொன்னாள். அவர் ஆளைப் பார்க்காமலே துணியை மடித்துக் கொடுத்தார்.

மூன்று சாயங்காலம், கூலிகள் குடியிருக்கும் லயத்தில் தன் வாசலில் உட்கார்ந்து கையாலேயே ஓரம் அடித்தாள். மூலைகள் பிசிறில்லாமல் மடிந்தன. ஆனால் வேலை முடிந்து ஆறையும் அடுக்கி வைத்தபோது அவளுக்கு மனசு கேட்கவில்லை. புதுத்துணிக்கு மஞ்சள் தொட்டு வைக்காமல் தருவது இழவு வீட்டில் கோடி போடுகிறபோதுதான். இது ஏற்கெனவே அந்தப் பக்கத்துத் துணி. பசியோடு உட்காருகிறவர்கள் மடியில் அதை அப்படியே விரிப்பதா? வெள்ளைக்காரனும் அம்மா வயிற்றில் பிறந்தவன்தானே. மஞ்சளைக் குழைத்து ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு பொட்டு வைத்தாள். பிறகுதான் அவளுக்கு மனசு ஆறியது.

கன்னையா வந்து பார்த்தான். துரைசானி இதைக் கறை என்பாள், தன் கையில் கரண்டி இருப்பதும் சந்தேகம்தான் என்று தலையில் அடித்துக்கொண்டு, அவள் தடுப்பதற்குள் ஒன்றைத் தண்ணீரில் முக்கிச் சவுக்காரம் போட்டுத் தேய்த்தான். மஞ்சளில் சவுக்காரம் பட்டால் என்ன ஆகும் என்று அடுக்களையில் காலம் தள்ளுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொட்டு ரத்தச் சிவப்பாகிவிட்டது.

"இப்ப ஆளை வெட்டிட்டுத் தொடச்ச மாதிரி இருக்கு," என்றாள் இராஜம்மா. "திருப்தியா?"

நல்லாய் அலசி வெயிலில் போட்டால் மஞ்சள் பறந்துவிடும். ஆனால் அன்று பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. விருந்துக்கு ஒரு நாள்தான் இருந்தது. இராஜம்மா தன் பழைய சேலைக் கரையிலிருந்து பச்சை நூலை உருவினாள். சிவந்த பொட்டின் மேலும் சிவக்காத ஐந்தின் மேலும் துணிக்கொரு இலையாகத் தையலை நெருக்கிப் போட்டாள். உள்ளே மஞ்சள் இருந்தது. வெளியே இலை இருந்தது. அவரவருக்கு வேண்டியது அவரவருக்கு.

விருந்து முடிந்த மறுநாள் மாலை கன்னையா தரையில் கால் பாவாமல் வந்தான். பெரிய துரை மீசையைத் துடைத்தாராம். அவர் சம்சாரம் இலையைத் தடவிப் பார்த்து, எந்த ஊரில் வாங்கியது என்று கேட்டாளாம். துரைசானிக்கு முகமெல்லாம் சிரிப்பு. இன்னும் ஒரு டஜன் வேண்டும், அதே இலை போட்டு. முழுத்துணியே கொடுத்தனுப்பியிருந்தாள்.

"பங்களா வேலை?"

"அது பொறவு பாக்கலாம்னுட்டாங்க. பால்வெட்டைக் கெடுத்துக்க வேணாமாம். சாயங்காலம் சும்மாதானே இருக்கா, அப்பத் தைக்கட்டும்னாங்க. கெட்டிக்காரின்னு வேற சொன்னாங்க புள்ள."

இராஜம்மா துணியைப் பிரித்து நெசவைப் பார்த்தாள். நல்ல துணி. முடிச்சே இல்லை. சாயங்காலத்திலேயே சரக்கு கிடைக்கிறபோது சரக்குக்காரிக்கு எதற்கு வேலை கொடுக்க வேண்டும் என்று துரைசானி பக்கமிருந்தும் ஒரு தடவை யோசித்துப் பார்த்தாள். அவள் இடத்தில் இருந்தால் தானும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

"சாயங்கால வெளிச்சத்துல எனக்கு இலை சரியா வராதுன்னு சொல்லுங்க. பகல்லதான் வரும்."

"பகல்ல பால் வெட்டப் போவணுமே."

"அதை அவங்கதான் யோசிக்கணும்."

"ரெண்டும் போயிடும் புள்ள."

"அதுக்கு நான் பயப்படுறது அவங்களுக்குத் தெரிய வேணாம். சொல்லிப் பாருங்க."

மறுநாள் விடிகிற நேரத்தில் கன்னையா அவள் சொன்னதைச் சொல்ல மேட்டுப் பாதையில் பங்களாவுக்குப் போனான். சற்றைக்கெல்லாம், பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்களை அழைக்கும் தண்டவாளத் துண்டு அலறியது. லயத்துப் பெண்கள் வாளியும் கம்புமாக வரிசைக்கு ஓடினார்கள். இராஜம்மா வாசற்படியில் துணியை மடியில் விரித்து உட்கார்ந்தாள். வரிசையில் அவள் பெயர் ஒரு தடவை கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை, கடுப்போடு. அதற்குப் பிறகு பெயர் கேட்கவில்லை. கங்காணியின் பூட்ஸ் சத்தம் லயத்து முனையில் திரும்பி, ஒவ்வொரு வாசலாகத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அவள் ஊசிக் காதை, கன்னையா இன்னும் திரும்பாத மேட்டுப் பாதையின் பக்கமாகத் தூக்கிப் பிடித்து, நூல் முனையை உதட்டில் ஈரப்படுத்தினாள்.