இடது முன் சக்கரம்

மெக்கானிக் கம்பி பிரஷ்ஷால் இடது முன் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். துரு செந்தூளாக உதிர்ந்து அவர் முழங்காலில் படிந்தது. ஐந்து நட்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன. ஐந்தாவது போல்ட் பாதியில் முறிந்து மொட்டையாக நின்றது. நான் அதைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற அண்ணியின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஊருக்கு வெளியே இந்தச் சக்கரம் பஞ்சராகி, அண்ணன் வண்டியை ஒரு பாலத்தோரம் நிறுத்தினார். நட்டு அசையவில்லை. முந்தின மழைக்காலத்தில் பிரேக் வேலைக்காக அந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியவன் நான். அதனால் எனக்குத்தான் போன் செய்தார். அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டேய், இது மனுசன் முறுக்கின முறுக்காடா? யானையைக் கூட்டிட்டு வந்து மாட்டினியா?"

நான் ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "உனக்கு வயசாயிடுச்சுண்ணா. ஸ்பேனர் மேல ஏறி நின்னு மிதி" என்று சிரித்தேன்.

மிதித்தார். போல்ட் முறிந்து பின்பக்கமாக விழுந்தவரின் மண்டை பாலத்துக் கட்டைச்சுவரில் மோதியது. துண்டிக்கப்படாத போனில் அண்ணியின் குரல் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அது என்னை அழைக்கவில்லை.

அண்ணன் போனபின் அண்ணி என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. உறவுக்காரர்கள் யாராவது ஆரம்பித்தாலும், "துரு பிடிச்சதுக்குத் தம்பி என்ன பண்ணுவாரு" என்று பேச்சை அடைத்துவிடுவார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த வீட்டுக்குப் போய்வந்தேன், அண்ணன் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு வேறு வீடு இல்லை. போன மாதம் அண்ணிதான் சொன்னார், "நின்ன இடத்துலயே வண்டி மக்குறதைப் பாக்க முடியல தம்பி. சரி பண்ணிக் குடுங்க, நானே ஓட்டிக்கிறேன்."

மெக்கானிக் எண்ணெய் விட்டார், காத்திருந்தார், சுத்தியலால் பதமாகத் தட்டினார்.

"கோவிச்சுக்கிட்டுக் கெடக்கு மேடம். மூணு வருசம் திரும்பிப் பாக்கலன்னா யாருக்குத்தான் கோவம் வராது. கொஞ்சித்தான் எடுக்கணும்."

அண்ணி லேசாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குள் போல்ட் முனையை விரலால் துடைத்த மெக்கானிக் கையை நிறுத்திவிட்டார். துருவுக்கடியில் சின்னதாக 'L' என்று ஓர் எழுத்து செதுக்கியிருந்தது.

"அட, எதிர்மரை. பழைய வண்டி சிலதுல இடப்பக்கச் சக்கரத்துக்கு இப்படித்தான் வரும். ஊர்ல இருக்கிற நட்டெல்லாம் இடப்பக்கம் திருப்பினா கழலும். இது வலப்பக்கம் திருப்பினாத்தான் கழலும். தெரியாம மிதிச்சா இன்னும் இறுகும், கடைசில போல்ட் போயிடும். இதோ, யாரோ மிதிச்சிருக்காங்க பாருங்க."

ஸ்பேனரை வலப்பக்கமாக அழுத்தினார். ஒரு முனகலோடு நட்டு சுழன்றது.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் வந்தது. நான் அளவுக்கு மீறி முறுக்கவில்லை.

"கடைசியா மாட்டினது யாரு? அவருக்குத் தெரிஞ்சிருக்குமே. வழக்கமான பக்கம் திருப்பினா இது ஏறவே ஏறாது" என்றார் மெக்கானிக், தலையைத் தூக்காமல்.

பிரேக் வேலை பார்த்த அன்று வாசலில் நானும் நட்டைக் கழற்ற முடியாமல் விழித்திருக்கிறேன். எரிச்சலில் எதிர்ப்பக்கம் திருப்பியதும் கழன்றது. மாட்டும்போதும் அப்படியேதான். கிறுக்கு வண்டி, அண்ணனிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே சாப்பிடக் கூப்பிட்டார்கள். கையைக் கழுவியபோது அதையும் சேர்த்துக் கழுவிவிட்டேன் போலிருக்கிறது. போனில் அவர் கேட்டபோதுகூட அது நினைவில் எழவில்லை. மூன்று வருடமாக எழவில்லை.

அண்ணி மெக்கானிக்கிடம் கை நீட்டி ஸ்பேனரை வாங்கினார். புடவையை ஒதுக்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடுத்த நட்டில் அதைப் பொருத்தினார்.

"எந்தப் பக்கம் தம்பி?"

மெக்கானிக் வாயைத் திறந்தார்.

"நீங்க இருங்க. அவர் சொல்லட்டும்."

அண்ணி ஸ்பேனரில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் வலது கை மட்டும் எழுந்து, வெறுங்காற்றைப் பிடித்து, அன்று வாசலில் கழற்றியதுபோலவே மெல்ல வலப்பக்கமாகத் திரும்பியது.