நாற்காலியில் ஒட்டிய மிட்டாய்

...ஆனால் இந்த எறும்புகள் சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லையே, சர்க்கரை டப்பா அங்கே இருக்க இவை ஏன் வாசல் இடுக்கில் நுழைந்து, சுவரோரமாகவே நடந்து, கம்பளத்தில் ஏறி, நேராக இவருடைய நாற்காலிக்குப் போகின்றன என்று குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் துணி மடிப்புக்குள் தூசி படிந்து கறுப்பாக ஒரு கட்டி, தொட்டால் விரலை விடமாட்டேன் என்கிறது, மிட்டாய், யாரோ பாதி சப்பிய மிட்டாய், அதிலிருந்து வழிந்து கீழே கம்பளத்திலும் பொத்தான் அகலத்துக்கு ஒரு சொட்டு... செத்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த வீட்டில் மிட்டாய் தின்கிற வயதில் யாரும் கிடையாது, இருப்பது நாங்கள் இரண்டு பேர், அதில் ஒருவருக்குச் சர்க்கரை நோய், இன்னொருத்தி நான், எனக்கு இருப்பது ரகசியம். வியாழக்கிழமை பூங்காவில் என் பேத்தி, குட்டி, என் மடியில் உட்கார்ந்திருந்தாளே, வாயிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே தின்றாளே, புடவை மடிப்பில் ஒட்டிக்கொண்டு என்னோடு வீடு வரை வந்துவிட்டதா, வந்தவள் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்தேனா? உட்காரமாட்டேனே, இது இவருடைய நாற்காலி ஆயிற்றே, ஆனால் அன்றைக்குப் போன் அடித்தது, போன் சார்ஜர் இந்தப் பக்கம் என்பதால் இங்கே வந்து நின்றுதான் பேசினேன், நின்றேனா, உட்கார்ந்தேனா... பேசியது யார் என்பது நினைவிருக்கிறது, என்ன பேசினோம் என்பதும் நினைவிருக்கிறது, உட்கார்ந்தது மட்டும் நினைவில்லை.

சரி, உட்கார்ந்தாலும் நின்றாலும் இவர் நூலகத்திலிருந்து வருவதற்குள் இது போயாக வேண்டும். இவர் கண்ணுக்குத் தப்பாது. காலமெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்திய மனிதர், ஒரு புள்ளி குறைந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவார், நாற்காலியில் ஒரு மிட்டாய் கூடினால் சொல்லமாட்டாரா? போனில் தேடினேன், ஒருத்தி வெந்நீர் ஊற்று என்கிறாள், இன்னொருத்தி வெந்நீர் ஊற்றினால் சாயம் துணியிலேயே தங்கிவிடும், ஐஸ் வை என்கிறாள், மூன்றாவது ஒருவன் வினிகர் என்கிறான், நான் அவசரத்தில் மூன்றையும் படிப்பதற்கு முன்பே ஈரத்துணியால் தேய்த்துவிட்டேன், பொத்தான் அகலத்தில் இருந்தது இப்போது உள்ளங்கை அகலத்துக்கு ஆகிவிட்டது, பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. தேய்க்கக் கூடாதாம், ஒற்றி எடுக்க வேண்டுமாம், அதைக் கடைசி வரியில் போட்டிருக்கிறான் பாவி. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஐஸ் கட்டிகளைப் பையில் போட்டு மிட்டாயின் மேல் வைத்து அழுத்தினேன், இறுகட்டும், இறுகினால் உடைந்து வருமாம். கை மரத்துப்போகிறது, மரத்துப்போனதோடு மரத்துப்போனதாக இதை எதற்கு மறைக்கிறேன் என்றும் ஒரு யோசனை, மறைக்காமல் என்ன செய்வது?

மகள் கோபித்துக்கொண்டு போன அன்றைக்கு இவர் என்னைப் பார்த்துச் சொன்னதை நான் மறந்துவிட்டேனா என்ன. குட்டிக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை, மகளுக்குச் சம்பளம் அதிகம், மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார், அவர்கள் வீட்டு ஏற்பாடு, நமக்கென்ன. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது இவர் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார், "ஏன் மாப்பிள்ளை, இனிமே தொட்டில் ஆட்டறதுதான் உத்தியோகமா?" மாப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை, சோற்றை விரலால் பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார், மகள்தான் பாதித் தட்டோடு எழுந்தாள், "நீங்களா வந்து அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கற வரைக்கும் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்"... வாய் தவறி வந்த வார்த்தை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், ஊரார் பிழையெல்லாம் திருத்தியவருக்குத் தன் பிழை மட்டும் தெரியாது, "போறவ போகட்டும்" என்றார், அப்புறம் என் பக்கம் திரும்பி, "பின்னாடியே போறதுன்னா நீயும் போ, ஆனா அங்கேயே இருந்துக்கோ." அதோடு சரி. மகளும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், என்னோடும் பேச்சை நிறுத்தினாள், அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத நீயும் அப்பா கட்சிதான் என்றாள். நடுவில் நான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

நாலு மாதம் முன்னால் மாப்பிள்ளைதான் கூப்பிட்டார், யார் தொட்டில் ஆட்டுகிறவர் என்று கேலி செய்யப்பட்டாரோ அவரேதான், "அத்தை, வியாழக்கிழமை சாயங்காலம் பாப்பாவைப் பூங்காவுக்குக் கூட்டிட்டு வருவேன், நீங்களும் வாங்க, உங்க பொண்ணுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். அன்றிலிருந்து எனக்கு வியாழக்கிழமை தையல் வகுப்பு. குட்டிக்குச் சிவப்பு மிட்டாய் ஒன்று பூங்கா வாசலில் வாங்குவேன், சிவப்பு மட்டும்தான் வாங்குவேன், காகிதத்தை அங்கேயே தொட்டியில் போட்டுவிடுவேன், அவள் அம்மா மிட்டாயே கூடாது என்று சொல்லியிருக்கிறாளாம், அதனால் உதட்டில் விரல் வைத்து ரகசியம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அவளும் விரல் வைத்துக்கொண்டு ரகசியம் என்பாள், நாலு வயதுக்கு என்ன அழுத்தம். இவர் ஒரே ஒருமுறை கேட்டார், "தையல் எப்படிப் போகுது?" நான், "ஓரம் அடிச்சிட்டிருக்கோம்" என்றேன். நாலு மாதமாக ஓரம் அடிக்கிறோம், ஒரு கைக்குட்டைகூட வீட்டுக்கு வரவில்லை, அப்புறம் அவர் கேட்கவே இல்லை... ஏன் கேட்கவில்லை?

கரண்டியின் பின்பக்கத்தால் தட்டினேன், கட்டி நகர்ந்தது, இரண்டாக உடைந்து கையில் வந்தது, அதில் ஒரு முடி. நீளமான முடி, மெலிசு, நுனியில் சுருள், எங்கள் இரண்டு பேர் தலையிலும் இப்போது இருப்பது பஞ்சு, இது குட்டியின் முடிதான், சந்தேகமே இல்லை. அப்படியானால் நான்தான் கொண்டுவந்திருக்கிறேன், திருடத் தெரிந்தவளுக்குத் தலையாரியிடம் தப்பத் தெரியவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு சொட்டு விட்டு, வெள்ளைத் துணியை நனைத்தேன், வெள்ளைதான் வேண்டுமாம், சாயத் துணி என்றால் அதன் நிறம் இதில் ஏறிவிடுமாம், நாற்காலித் துணியும் கம்பளமும் கத்தரிக்காய் நிறம், அதில் எந்தக் கறையும் கறுப்பாகத்தான் தெரியும். ஒற்றினேன், எடுத்தேன், மடித்து மறுபடி ஒற்றினேன். துணியைத் திருப்பிப் பார்த்தால் பச்சை.

பச்சையா? ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். கம்பளத்துச் சொட்டிலும் ஒற்றிப் பார்த்தேன், பச்சைதான், தளிர்ப் பச்சை. நான் ஒருநாளும் பச்சை வாங்கியதில்லையே. சிவப்பு வெளுத்தால் பச்சையாகுமா, சோப்பு பட்டால் மாறுமா, என்ன பைத்தியக்காரத்தனம்... ஆனால் முடி குட்டியுடையது. மிட்டாய் என்னுடையது இல்லை, முடி குட்டியுடையது, நாற்காலி இவருடையது. மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன், ஒன்றோடு ஒன்று சேரமாட்டேன் என்கிறது. மூன்று வாரம் முன்னால் குட்டி பூங்காவுக்கு வந்தபோது அவள் சட்டைக் கழுத்தில் பச்சையாக ஒரு கறை இருந்ததே, துவைத்தும் போகாத பழைய கறை, "இது யார் குடுத்த மிட்டாய்?" என்று கேட்டேன், உதட்டில் விரல் வைத்துக்கொண்டு ரகசியம் என்றாள், நான் சொல்லிக்கொடுத்த பாடம் என்று சிரித்தேன், மாப்பிள்ளை அப்போது எங்கேயோ பார்த்தார், ஊஞ்சலையா, மரத்தையா, எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

போன மாதம் இவருடைய கால்சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையெல்லாம் பிசுபிசுப்பு, நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமா, "சர்க்கரையை வெச்சுக்கிட்டு மிட்டாய் தின்னீங்களா, என்னை நடுத்தெருவுல நிறுத்தப் போறீங்களா?" இவர் மறுக்கவே இல்லை. ஒன்றுமில்லாததற்கே ஒன்பது காரணம் சொல்கிறவர், கையைக் கட்டிக்கொண்டு, "நான்தான். ஒண்ணே ஒண்ணு. கோவிச்சுக்காதே" என்றார், எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. அப்புறம் டாக்டரிடம் போனால், அந்த அம்மாள் சோதனை முடிவைப் பார்த்துவிட்டு, சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறாள், இவர் "நடக்கறேன்" என்கிறார். எங்கே நடக்கிறார்? நூலகம் அடுத்த தெருவில், நடக்க ஆரம்பிப்பதற்குள் வந்துவிடும். திங்கட்கிழமைதோறும் நூலகம், ஒருநாளும் ஒரு புத்தகம் கையில் இருந்ததில்லை, நான் கேட்டதும் இல்லை, ஏன் கேட்கவில்லை, கேட்டால் அவர் தையலைக் கேட்பார் என்றா... இன்றைக்கும் திங்கட்கிழமை.

இப்போது, நான் இங்கே முட்டி போட்டுக்கொண்டு ஒற்றிக்கொண்டிருக்கும்போது, இவர் அந்தப் பூங்காவில், அதே பெஞ்சிலா? குட்டி அவர் மடியில் ஏறியிருப்பாளா, கால்சட்டைப் பையில் கை விட்டுத் துழாவுவாளா, அப்படித்தான் ஒட்டியதா இது, பையிலிருந்து நாற்காலிக்கு? எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும், சந்தோஷம்தான், அழுகைகூட வருகிறது, ஆனால் அதைவிட முன்னால் கோபம் வருகிறதே, என்னை அங்கேயே இருந்துக்கோ என்று சொல்லிவிட்டு இவர் போயிருக்கிறார், வாரந்தோறும் திருட்டுத்தனமாகப் போனவள் நான், எனக்கு எந்த வாயால் கோபம் வருகிறது? அவர் மாப்பிள்ளையிடம் என்ன சொல்லியிருப்பார். மன்னிப்புக் கேட்டாரா, அந்த வாயால் அந்தச் சொல் வந்ததா, இல்லை ஒன்றும் பேசாமல் இரண்டு ஆண்களும் ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களா? கேட்டிருந்தால் மகள் வந்திருப்பாளே, அவளிடம் சொல்லவில்லையா, அவளுக்குத் தெரியாமல்தான் மாப்பிள்ளை இவரையும் கூப்பிட்டாரா, "மாமா, திங்கட்கிழமை" என்று? அத்தைக்கு வியாழன், மாமாவுக்குத் திங்கள். அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லையே, எங்கள் வீட்டில் எல்லோரையும்விட அழுத்தக்காரர் அவர்தான், அவரைப்போய்த் தொட்டில் ஆட்டுகிறவர் என்று...

சாவி திரும்பும் சத்தம். துணியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன், பிறகு எதற்கு என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன். இவர் செருப்பைக் கழற்றினார், வெறுங்கை, புத்தகம் இல்லை, நாற்காலியைப் பார்த்தார், கம்பளத்தைப் பார்த்தார், கரைந்து கிடக்கும் ஐஸ் பையைப் பார்த்தார், பிழை பார்க்கும்போது கண்ணைச் சுருக்குவாரே, அப்படி.

"என்ன இது, ஈரமா இருக்கு?"

"மிட்டாய் ஒட்டியிருந்தது. எறும்பு மொய்ச்சுது."

"நான்தான். ஒண்ணே ஒண்ணு. கோவிச்சுக்காதே."

அதே வார்த்தைகள், ஓர் எழுத்து மாறவில்லை. எனக்கும் தெரியும் என்று சொல்லிவிடலாம், நாக்கு நுனி வரை வந்துவிட்டது, சொன்னால் நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும், குட்டியின் முடி என்று நான் எப்படிக் கண்டுபிடித்தேன், பல்கூட முளைக்காதபோது கடைசியாகப் பார்த்த பிள்ளை அல்லவா எங்கள் இருவர் கணக்கிலும்... திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல உட்கார்ந்திருந்தேன். அந்த முடியை மட்டும் துணிக்குள் மடித்துக்கொண்டேன்.

"பச்சை" என்றேன்.

இவர் பக்கத்தில் வந்து, சிரமப்பட்டு முட்டி மடக்கி உட்கார்ந்து, துணியின் நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"பச்சை பரவாயில்லை, இப்படி ஒத்தி எடுத்தா வந்துடும். இந்தச் சிவப்புதான் போகவே மாட்டேங்குது" என்றார். சொல்லிவிட்டுக் கைப்பிடியை ஊன்றி எழுந்து, கை கழுவப் போய்விட்டார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, வெகுநேரம் மூடவில்லை.

சிவப்பா? நான் சிவப்பென்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சிவப்பு இந்த வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லையே, காகிதம்கூடப் பூங்காவிலேயே கிடக்கிறது, குட்டியின் சட்டையில்தான் இருக்கிறது சிவப்பு. வாய் தவறி வந்ததா, இல்லை எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாரா, எத்தனை நாளாகத் தெரியும், நாலு மாதம் ஓரம் அடித்தபோதெல்லாம் தெரியுமா... எழுந்து போய்க் கேட்கலாம், நாலு எட்டுதான். ஈரமாக இருக்கும்போது போனதுபோலத் தெரியும், காய்ந்த பிறகு அடியிலிருந்து நிறம் மேலே வரும் என்று போனில் போட்டிருந்தான். வரட்டும் என்று நினைக்கிறேனா, வரக்கூடாது என்று நினைக்கிறேனா தெரியவில்லை, துணியை மடித்துக் காய்ந்த பக்கத்தை அதன் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.