பெரியவள் கழித்த இலைகள்

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது எப்படி என்று பெரியவளைத்தான் கேட்க வேண்டும். ஓரகத்தி சின்னவளுக்குத் தன் அருங்காட்சியகத்திலேயே வேலை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். "நம்ம வீட்டுப் பொண்ணு சார், நல்ல சுறுசுறுப்பு" என்று துறைத் தலைவரிடம் போய் நின்றபோது நாக்கில் சனி உட்கார்ந்திருந்தான் போல. இப்போது வீட்டில் ஒரே அடுப்பு, ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சின்னவள் முகம்.

வேலை, கல்லைப் பிளப்பது. அடுக்கடுக்கான களிமண் கல்லில் உளி வைத்துத் தட்டினால் புத்தகம் போலத் திறந்துகொள்ளும். உள்ளே ஆறு கோடி வருஷத்துக்கு முந்தைய இலை நரம்பு நரம்பாகப் பதிந்து கிடக்கும். இலையைப் பார்த்தே அது நின்ற காட்டைச் சொல்லிவிடலாம். சின்ன இலை, ஓரமெல்லாம் பல் பல்லாக இருந்தால் குளிர்ந்த காடு. பெரிய இலை, வழுவழுப்பான ஓரம், மழைத்தண்ணீர் வடிய வால் மாதிரி நீண்ட நுனி என்றால் புழுங்கித் தள்ளும் மழைக்காடு. அந்தக் காலத்தில் இங்கே மழைக்காடே கிடையாது, இன்றைய மழைக்காட்டு மரங்களின் மூதாதைகள் வெகுகாலம் கழித்துத்தான் தலைகாட்டின என்று வருஷக்கணக்காக இலைகளை அளந்து எழுதிப் பட்டம் வாங்கியவள் பெரியவள். அந்தக் கட்டடத்தில் அவள் வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்திருப்பார்கள்.

சின்னவள் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வேலை பழகுகிறேன் பேர்வழி என்று கல் பிளக்கும் கொட்டகைக்குப் பின்னால் போய், பெரியவள் கழித்துப் போட்ட கல் குவியலைக் கிளறினாள். ஒருநாள் தட்டு நிறையத் துண்டுகளோடு வந்து நின்றாள்.

"அக்கா, இதையெல்லாம் ஏன் கழிச்சீங்க?"

"முழு இலையா இருந்தாத்தானே அளக்க முடியும்? அதெல்லாம் உடைஞ்சது."

"அதான்க்கா கேக்கறேன். சின்ன இலை முழுசாத் தப்பிச்சுடும். பெரிய இலைதானே கிழியும்? உடைஞ்சதையெல்லாம் தூக்கிப் போட்டா, கணக்குல சின்ன இலை மட்டும்தானே நிக்கும்?"

பெரியவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் ஒரு மகராசன் கேட்கவில்லை இதை. நேற்று உளி பிடித்த குட்டி கேட்கிறது! கேள்வி தப்பாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். சரியாக இருந்து தொலைத்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

துண்டுகளை ஒட்டவைத்தபோது சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய இலை ஒன்று உருவாயிற்று. ஓரம் வழுவழுவென்றிருந்தது, நரம்புகள் நெருக்கமாக ஓடின. நுனி மட்டும் இல்லை. துறைத் தலைவர் குதிக்காத குறை.

"நுனி கிடைக்கட்டும்மா, பழைய முடிவையே மாத்தி எழுதிடலாம். அது இல்லாம நான் எதையும் வெளியில அனுப்ப மாட்டேன்."

பழைய முடிவுக்குச் சொந்தக்காரி பக்கத்திலேயே நிற்பது அந்த மனுஷன் கண்ணுக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்தால் மாமியார் வேறு. "சின்னவ என்னமோ பெருசாக் கண்டுபிடிச்சிருக்காளாமே?"

"கல்லுதான் அத்தை. வைரம் இல்ல" என்றாள் பெரியவள்.

புதன்கிழமை சின்னவள் விடுப்பு. பெரியவள் ஒருவரும் பார்க்காமல் குவியலுக்குப் போனாள். நுனி மொட்டையாக இருந்துவிட்டால் போதும், சின்னவள் கதை முடிந்தது. பழகிய கண் அல்லவா, சின்னவள் வாரக்கணக்காகத் தேடியது மதியத்துக்குள் அவள் கையில் வந்து விழுந்தது. விரல் நீளத்துக்குக் கூர்வால். மேசையில் இருந்த இலையோடு சேர்த்து வைத்தாள், உடைந்த விளிம்பில் நரம்புகள் அப்படியே பொருந்தின. மழைக்காடேதான். அவள் பட்டம் அந்தத் துண்டுக்குள் செத்துக் கிடந்தது.

உடைக்கவும் மனசு வரவில்லை, கொடுக்கவும் மனசு வரவில்லை. கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் சின்னவள் நகம் உடையத் தேடியபோது பக்கத்தில் நின்று, "கிடைச்சுதா?" என்று விசாரிக்கவும் செய்தாள். பாவி!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"நுனி கிடைக்காது போலிருக்குக்கா. ஆனா கிடைச்சா கட்டுரையில முதல் பேரு உங்களோடதுதான்னு சார்கிட்ட சொல்லிட்டேன். குவியல் உங்களோடதுதானே."

பிச்சை போடுகிறாளா? எனக்கா? பெரியவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது. ஈரக் கையோடு போய்ப் பையைத் திறந்து, கல்லை எடுத்துவந்து மேடையில் வைத்தாள்.

"உன் தயவு எனக்கு வேணாம். இந்தா நுனி. முதல் பேரை நீயே வச்சுக்கோ."

சின்னவள் போனில் இருந்த இலைப் படத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இதேதான்க்கா. எப்பக் கிடைச்சுது?"

"புதன்கிழமை."

"நேத்து நான் தேடினப்போ?"

"பையிலதான் இருந்துச்சு."

சின்னவள் குழாயை மூடினாள். கத்தப்போகிறாள், வீடே கூடப்போகிறது என்று பெரியவள் கதவைப் பார்த்தாள்.

"நானா இருந்தா குடுத்திருக்கவே மாட்டேன்" என்றாள் சின்னவள். "நான் வேலை பழகவா உங்க குப்பையைக் கிளறினேன்? வெங்காயம் நறுக்கினாலும் பெரியவளைப் பாரு, துணி மடிச்சாலும் பெரியவளைப் பாரு. அத்தை சொல்லிக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. இந்த மகாராணி எங்கயாவது ஒரு தப்புப் பண்ணியிருக்க மாட்டாளான்னுதான்க்கா தேடினேன்."

பெரியவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். உழைப்பு போனது போனதுதான், அதற்கு ராத்திரி அழுதுகொள்ளலாம். ஆனால் தன்மேல் இவளுக்கு இவ்வளவு பொறாமையா! மாதக்கணக்காக எரிந்த வயிறு குளுகுளுவென்று ஆயிற்று.

"எத்தனை நாளா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து."

பெரியவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு விடாமச் சொல்லு."