தமிழரசனின் கழுத்து

செத்துப் பதினோரு மாதமான ஜெயசுதா, தன் புருஷன் தமிழரசனுக்கு நாலடி பின்னால் நடந்து வருவதை எலவனாசூர்கோட்டையில் பார்க்காதவர்கள் இல்லை, தமிழரசனைத் தவிர. அவனுக்குக் கழுத்து திரும்பாது. உடம்போடு சேர்ந்து திரும்பினால் அவளும் சுற்றிக்கொண்டு மறுபடி பின்னால் போய் நிற்பாள். கண்ணாடியிலும் விழமாட்டாள். கடைசியாகக் கட்டியிருந்த அதே பச்சைச் சேலை, தலைமுடியில் கரும்பின் காய்ந்த இலைச் சோகை. வாய் மட்டும் ஓயாமல் எதையோ சொல்லிக்கொண்டிருக்கும், சத்தம் வராது. ஊர் முதலில் பயந்தது, பிறகு வேடிக்கை பார்த்தது, அப்புறம் பழகிக்கொண்டது. பஸ்ஸில் அவனுக்குப் பின்சீட்டில் யாரும் உட்காருவதில்லை. டீக்கடைக்காரர் பெஞ்சைச் சுவரை விட்டுக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார், அவள் நிற்க இடம் வேண்டுமே என்று.

தமிழரசன் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். அந்தப் பக்கத்தில் ஸ்பீக்கர் இல்லாத கரும்பு வண்டிக்கு மரியாதை கிடையாது. முதலில் பாட்டு வரும், பின்னால் கரும்பு வரும். ஜெயசுதா செத்த அன்றைக்குக் கல்வராயன் மலையிலிருந்து வந்திருந்த வெட்டாட்கள் லோடு கட்டிக் கொடுத்தார்கள். ஆலைக்குப் போகிற வழியில் அம்மா வீட்டில் இறங்கிக்கொள்கிறேன் என்று ஜெயசுதா லோடின் மேலே ஏறி உட்கார்ந்தாள். ஏரிக்கரை மேட்டில் கயிறு அவிழ்ந்து கரும்பு சரிந்தது, கரும்போடு அவளும் சரிந்தாள். கத்தியிருப்பாள். இவன் பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டு போனான். அம்மா வீட்டுத் திருப்பத்தில் நிறுத்த வேண்டும் என்பதும் பாட்டு மும்முரத்தில் மறந்துபோனது. ஆலை வாசலில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோதுதான் பாதிக் கரும்பைக் காணோம், அவளையும் காணோம். அவன் கழுத்து கடைசியாகத் திரும்பியது அப்போதுதான்.

ஆண் பிள்ளை இல்லாததால் அவனே கொள்ளி வைத்தான். "திரும்பிப் பாக்காம நேரா நடப்பா" என்று பெரியவர்கள் சொன்னார்கள். எல்லா ஊரிலும் சொல்வதுதான். அவன் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டான். திரும்பிப் பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காதவனுக்கு இனிமேல் அந்தப் பாக்கியம் எதற்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். வீடு வந்து சேர்வதற்குள் கழுத்து பூட்டிக்கொண்டது.

அவனால் தாங்க முடியாதது ஒன்று உண்டு. பத்தாவது படிக்கும் மகள் இலக்கியா அவனிடம் பேசும்போது அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. அவன் தோளுக்கு மேலாகப் பார்த்துத்தான் பேசுவாள்.

"அம்மா இன்னிக்கும் இன்னாவோ சொல்லிக்கினே கீதுப்பா."

"கோவமா கீறாளா?"

"தெரியலப்பா."

அந்தத் தெரியலப்பா அவனைத் தூங்க விடவில்லை. அவளை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று உயிர் அடித்துக்கொண்டது. பார்த்தால் என்ன கேட்பாளோ என்று அதே உயிர் நடுங்கியது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தைச் சொடுக்கிவிடச் சொல்லிக் கேட்டான். அவன் தாடையில் கை வைத்த சலூன்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணி நிக்கிறாங்கண்ணா, எனக்கு வேணாம் இந்த வேல" என்று கையை எடுத்துவிட்டார். அடுத்த கரும்பு வெட்டு தொடங்க இருந்தது. பின்னால் பார்க்கத் தெரியாதவனிடம் எப்படி வண்டியைக் கொடுப்பது என்று டிராக்டர் முதலாளி கேட்டார். நியாயமான கேள்விதான். அதனால் இலக்கியா அவனைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனாள்.

அங்கே ஷேக் பரீத் என்பவரின் பை விற்கிற கடைக்கு மாடியில் அவர் மகள் ஜெபீனா, மூட்டைக் கையால் திருப்பிச் சரிசெய்கிற கைரோபிராக்டிக் கிளினிக் வைத்திருந்தாள். ஊர் வாயில் அந்தப் பேர் நுழையாமல் நெட்டி டாக்டரம்மா ஆகியிருந்தாள். போனவுடன் படுக்கவைத்து மளமளவென்று முறிப்பாள் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். முதல் நாள் முழுக்கக் கேள்வி. கை மரத்துப்போகிறதா, தலை சுற்றுகிறதா, எங்கேயாவது விழுந்தீர்களா, சலூனில் கழுத்தைத் திருப்பினீர்களா. "இதுல ஏதாவது இருந்தா நான் கை வெக்க மாட்டேன் அண்ணே. ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன்" என்றாள். எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னாள். பேசிக்கொண்டே ஒரு ஸ்டூலை இழுத்து அவனுக்குப் பின்னால் போட்டு, "நீங்க உக்காருங்கக்கா" என்றாள். ஜெயசுதா உட்கார்ந்தாள். ஸ்டூல் கிறீச்சிட்டதைத் தமிழரசன் கேட்டான்.

எக்ஸ்ரேயில் எலும்பு பழுதில்லாமல் இருந்தது. "எலும்பு மேல தப்பில்ல. சதைதான் இறுக்கிப் புடிச்சிக்கினு கீது. சொடக்குன்னு சத்தம் வரும், பயப்படாதீங்க, மூட்டுல இருக்கிற காத்துதான் அது, எலும்பு ஒடையறது இல்ல. ரெண்டு நாள் வலிக்கும். ஒரே தடவையில ஆவாது. நான் திருப்பறப்போ நீங்க விட்டுக் குடுக்கணும், அவ்ளோதான்."

அந்த அவ்ளோதான் தான் அவனால் முடியவில்லை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்பார்கள். ஜெபீனா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், தோளைப் பிசைந்தாள், மூச்சை இழுத்து விடச் சொன்னாள். அவள் உள்ளங்கை தாடையைத் தொட்டதும் கழுத்து கல்லாகிவிடும். வாரா வாரம் இலக்கியாவோடு வந்தான், வாரா வாரம் அப்படியே ஊர் திரும்பினான். ஜெயசுதாவும் ஸ்டூலிலிருந்து எழுந்து கூடவே போனாள்.

நாலாவது வாரம் ஜெபீனா தாடையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "யாருக்கு அண்ணே பயப்படறீங்க?"

மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தபடி அவன் சொன்னான். "பாட்டு ஓடிக்கினு இருந்துச்சி டாக்டரம்மா. அவ கத்தியிருப்பா. எனக்குக் கேக்கல. திரும்பிப் பாத்தா, ஏன்யா கேக்கலன்னு கேப்பா. நான் இன்னா சொல்றது?"

"கேக்கட்டுமே. பதினோரு மாசமா கால் கடுக்க நின்னுக்கினு கீறாங்க. அவங்க சொல்றத யாராவது கேக்கணும்ல?"

அவன் அழுதான். அழுகிறவனால் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ள முடியாது. அந்த நேரத்தில் ஜெபீனா திருப்பினாள். சொடக்குச் சத்தம் கீழே பை கடை வரைக்கும் கேட்டது.

அவளைப் பார்த்தான். கொஞ்சம் இளைத்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை, பதற்றம்தான் இருந்தது. வாய் அசைந்தது, இந்தத் தடவை சத்தமும் வந்தது.

"வண்டிய நிறுத்துய்யா. கவுறு அவுந்துக்கிச்சி."

அவ்வளவுதான். இவ்வளவு நாளும் அவள் சொல்லிக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான். தன்னைக் காப்பாற்று என்றுகூட இல்லை.

"நிறுத்திட்டேன் சுதா" என்றான். "எறங்கு."

ஜெயசுதா ஸ்டூலை விட்டு எழுந்தாள். மகளின் தலையில் கை வைத்துவிட்டு, தலைமுடியிலிருந்த சோகையைத் தட்டிக்கொண்டு படியிறங்கினாள். பச்சைச் சேலைக்காரம்மா ஒருத்தர் எதுவும் வாங்காமல் போய்விட்டார் என்று ஷேக் பரீத் பிற்பாடு குறைப்பட்டுக்கொண்டார். தரையில் கிடந்த சோகையை ஜெபீனா பெருக்கி எடுத்தாள். மூட்டை தூக்கக் கூடாது, அடுத்த வாரம் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். அவள் சொன்னபடியே ரெண்டு நாள் வலித்தது. அன்று பஸ்ஸில் இலக்கியா அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கரும்பு வெட்டிலிருந்து ஏரிக்கரை மேட்டுக்கு வருகிற எந்த டிராக்டரிலும் பாட்டு தானாக நின்றுவிடுகிறது. மேடு தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து பாடும். யாரும் மெக்கானிக்கைத் தேடிப் போகவில்லை. டிரைவர்கள் திரும்பி, கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். தமிழரசன் மட்டும் கயிற்றைப் பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பான். பின்னால் வருகிற வண்டிகள் ஹாரன் அடிப்பதில்லை.